துபாஷியின் நாட்குறிப்பும் இரண்டு நாவல்களும்

அன்புள்ள சேது,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தள்ளிப்போனதற்குக் காரணம் கையில் எடுத்த புத்தகம்தான், கீழே வைக்க மனம் வரவில்லை. மூத்தவளுக்கு வரன் அமைந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தையில் தேதி குறித்ததும் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடு, பத்திரிகை அப்புறம் வரட்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம். கண்புரை அறுவை முடிந்ததிலிருந்து எனக்குப் பொடி எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது. விட்டதையெல்லாம் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சரித்திர நாவலை இன்னுமா விடவில்லை, அதே ராஜா, அதே ஒற்றன், அதே சுரங்கப்பாதை என்று எழுதியிருந்தாய். பள்ளி நாட்களில் பைண்டு செய்த தொடர்கதைகளை நாம் மாற்றி மாற்றிப் படித்தோமே, அந்த ருசி எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது நான் படிப்பதில் ராஜா கிடையாது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, அதைத் தொடர்ந்து ‘வானம் வசப்படும்’. இரண்டாவதுக்கு 1995இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கதை நடப்பது பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில். பிரெஞ்சுக் கும்பினியின், அதாவது வியாபாரக் கம்பெனியின், கவர்னர்கள் டூமா, அவருக்குப் பின் 1742இல் வந்த டூப்ளே, அவர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் நின்ற துபாஷிகள், இவர்களைச் சுற்றித்தான் எல்லாம்.

நாவல்களுக்கு ஆதாரம் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்த வியாபாரி அவர். பாக்கு வியாபாரம், துணி வியாபாரம், ‘ஆனந்தப் புரவி’ என்று சொந்தக் கப்பல். பிற்பாடு டூப்ளேயின் தலைமைத் துபாஷி. 1736 செப்டம்பரில் எழுத ஆரம்பித்து 1761 ஜனவரியில் சாகும்வரை எழுதினார். அவர் கண்மூடிய நான்காம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தக் குறிப்புகள் 1846இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே 12 தொகுதிகள், 1904 முதல் 1928 வரை வந்தன.

நாவலை ஒரு பக்கம், நாட்குறிப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு மாறி மாறிப் படித்துப் பார், சேது. அந்த சுகமே தனி. பிள்ளை எதையும் விடமாட்டார். எந்தக் கப்பல் வந்தது, அதற்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், கவர்னர் எத்தனை மணிக்கு எழுந்தார், யாரிடம் சிரித்துப் பேசினார், யாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எல்லாம் இருக்கும். யாருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதில் அவருக்கு அப்படி ஒரு கூர்மை. பல்லக்கில் மேளதாளத்தோடு கவர்னர் மாளிகைக்கு உள்ளேயே போகலாம், தங்கப்பூண் கைத்தடி வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அவருக்கே பின்னால் உரிமை கிடைத்தது. அப்படிப்பட்டவர் கண் எங்கே போகும் என்று நீயே யோசித்துக்கொள்.

ஒரு பகுதியை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1745 அக்டோபர். புதுச்சேரியில் சம்பா கோயில் என்கிற தேவாலயத்துக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் கொடுத்த தைரியத்தில், அந்த மக்கள் பெரிய பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, கடவுள் முன்னால் இந்தச் சுவர் எதற்கு என்று கேட்கிறார்கள். சுவர் இடிக்கப்படுகிறது. அதற்கப்புறம் அப்போதைய தலைமைத் துபாஷி கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி மெல்லிய சேலையும் நகையும் வாசனைத் திரவியமுமாகப் பூசைக்கு வருகிறாள். பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குடும்பப் பெண்ணா நீ, இல்லை ஆடுகிறவளா, உன் புருஷனுக்கு வெட்கம் இல்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுகிறார். ஊரே கொதிக்கிறது. ஆண்கள் கூட்டமாகக் கோயிலுக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள்.

பிள்ளை இதையெல்லாம் நறுக்கென்று எழுதிவிட்டு அடுத்த கப்பலுக்குப் போய்விடுகிறார். அந்தப் பெண் அன்றைக்கு வீடு திரும்பி என்ன பேசினாள்? சுவர் போன மறுநாள் அந்தப் பக்கத்து ஜனம் உள்ளே வந்து எங்கே உட்கார்ந்தது, பக்கத்தில் இருந்தவர் நகர்ந்தாரா, இருந்தாரா? நாட்குறிப்பில் ஒரு வார்த்தை கிடையாது. நாவலாசிரியனுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. ஆராய்ச்சி என்றால் ஆண்டும் பெயரும் தப்பில்லாமல் சொல்வது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது வேண்டும்தான், தப்பாக இருந்தால் எனக்கும் எரிச்சல் வரும். அதைவிடப் பெரிய காரியம், ஆதாரத்தை எழுதியவன் யார், அவன் எங்கே உட்கார்ந்துகொண்டு பார்க்கிறான், யாரைப் பார்க்காமல் விடுகிறான் என்று தெரிந்துகொள்வது. பிள்ளை பெரிய வியாபாரி, பதவிக்கு ஆசைப்பட்டவர், சாதி ஒழுங்கை விடாதவர். கனகராய முதலியார் அரியாங்குப்பத்தில் தேவாலயம் கட்டி விருந்து வைத்தபோது பிராமணர்களுக்கும் மற்றச் சாதியாருக்கும் தனித்தனியே சமைத்துப் போட்டார். கிறிஸ்தவர் நடத்தும் விருந்துக்கு இதெல்லாம் என்ன பொருத்தம் என்று பிள்ளை குறை சொல்லி எழுதுகிறார். முதலியார் மேல் அவருக்கு இருந்த போட்டியும் அந்த வரிகளில் சேர்ந்தே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்துபோகிறார். அந்த நாற்காலிக்கு நடந்த இழுபறி இருக்கிறதே, எந்த மர்மக் கதையும் கிட்டே வராது. டூப்ளேயின் மனைவி ழானுக்குக் கிறிஸ்தவர் ஒருவர்தான் துபாஷியாக வரவேண்டும் என்று ஆசை. வேலையெல்லாம் பிள்ளை பார்க்கிறார், பட்டம் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. அதனால் அந்த அம்மாள் மேல் பிள்ளைக்குத் தீராத கசப்பு. அவர் பக்கங்களில் அவள் பேராசைக்காரி, சூழ்ச்சிக்காரி. ஆனால் அவள் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசத் தெரிந்தவள், தன் ஒற்றர்களைக் கொண்டு எதிரி பாளையத்துச் சேதியை வரவழைத்தவள். எதிராளி எழுதிய குறிப்பிலிருந்து ஒரு பெண்ணை எப்படி மீட்டெடுப்பது? நான் நாவலாசிரியன் இல்லை, ஆனாலும் படிக்கும்போது அந்தக் கேள்வி கூடவே வந்துகொண்டிருந்தது.

1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். அந்தப் பக்கங்களைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. வேலையாட்களும் சிப்பாய்களும் பாதிரிமார்களுமாக உள்ளே போகிறார்கள். நாட்டார்கள், அதாவது சாதித் தலைவர்கள், பிள்ளையிடம் ஓடி வருகிறார்கள். இவ்வளவு செல்வாக்குள்ள மனுஷர், கவர்னரிடம் போய்த் தடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் விக்கிரகங்களையாவது பத்திரமாகக் காளத்தீஸ்வரர் கோயிலுக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்கிறார். தங்கப்பூண் கைத்தடி வைத்திருந்தவரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பது அங்கே தெரிகிறது. தன்னை அறியாமல் அவரே அதை எழுதி வைத்துவிட்டார்.

பிரபஞ்சனிடம் எனக்குப் பிடித்தது, அவர் இந்த ஆளை வணங்கவும் இல்லை, குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. துபாஷிகளோடு தாசிகளும், அடிமைகளும், தெருவில் போகிற சாதாரண ஜனமும் அவர் கதைக்குள் வருகிறார்கள். நாட்குறிப்பில் ஓரமாக நின்றவர்களுக்கு அங்கே வாய் இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் நாட்குறிப்பின் வேகமே நாவலின் வேகமாகிவிடுகிறது. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கின்றன, மூச்சு விட்டு ஒரு மனுஷனோடு கொஞ்சம் உட்காரலாம் என்றால் அடுத்த சேதி வந்துவிடுகிறது. அதைச் சொன்னாலும், புதுச்சேரியிலேயே பிறந்த ஒருவர் தன் தெருக்களை இவ்வளவு பொறுமையாகத் தோண்டிப் பார்த்தாரே என்று மனம் நெகிழ்கிறது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது புதுச்சேரி அரசு அரசு மரியாதையோடு வழியனுப்பியது. அவர் அதற்குத் தகுதியானவர்.

போன மாதம் கடலூரிலிருந்து ஒரு நடை புதுச்சேரி போய்விட்டு வந்தேன். பெரிய மார்க்கெட் பக்கத்தில் பிள்ளையின் வீடு இருக்கிறது. கீழ்த்தளம் நம்மூர் மரத்தூண் கட்டு, மேல்தளம் பிரெஞ்சுக்காரர் பாணியில் பருமனான தூண்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அவர் வாழ்க்கை முழுக்க அங்கேயே கட்டி வைத்த மாதிரி இருக்கிறது. வெளியே மீன் கூடையும் பூக்கடையுமாக ஒரே சந்தடி. எதிர்க் கடையில் வெற்றிலை வாங்கினேன். கடைக்காரரிடம் இது யார் வீடு தெரியுமா என்று கேட்டேன். ‘டைரி எழுதினவர் வீடு சார்’ என்றார் சட்டென்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவோம். சமையல்காரர் விஷயத்தில் உனக்கு யாரும் அமையவில்லை என்றால் சொல்லு, சிதம்பரம் பக்கத்தில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ‘மானுடம் வெல்லும்’ பிரதியை அடுத்த வாரம் உன் தம்பி இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் பென்சிலில் நிறையக் கிறுக்கியிருக்கிறேன், நாட்குறிப்பில் அந்த இடம் எங்கே வருகிறது என்று. அதைப் பொருட்படுத்தாமல் முதலில் கதையை மட்டும் படி. பாதி வந்ததும் எனக்கு எழுது, பிள்ளையை நீ நம்புகிறாயா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு அன்பு.

உன்
முரளி