கேஸ்கேட்ஸ் பெண்களுக்காக எங்களோடு பாடியவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில், கேஸ்கேட்ஸ் சிறையில் இருந்த பெண் கைதிகளைப் பற்றிய நம் இசை நிகழ்ச்சி நல்லபடியாக நிறைவேறியது. அதற்குக் காரணமான எல்லோருக்கும் இந்த மடல்.

பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட பெண் கைதிகள் ஏறத்தாழ 25,000 பேர். அவர்களில் பாதிப் பேர் வந்திறங்கிய இடம், அன்று வான் டீமன்ஸ் லேண்ட் எனப்பட்ட டாஸ்மேனியா. பலர் செய்த குற்றம் சில்லறைத் திருட்டு. அவர்களை அடைத்துவைக்க 1828-ல் திறந்த கேஸ்கேட்ஸ் சிறைதான் நம் இசைக்குக் களம்.

ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு முதல் நன்றி. கைதிகளின் பதிவேட்டில் உள்ள பழைய கையெழுத்தைப் படிக்க நீங்கள்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். உயரம், கண்ணின் நிறம், வேலைக்கு அனுப்பப்பட்ட வீட்டின் எஜமானரை எதிர்த்துப் பேசியதற்கு எத்தனை நாள் தனியறை என எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. கைதியான பெண்ணே சொன்னதாக ஒரு வரி கிடைப்பதுதான் அபூர்வம்.

எங்கள் மூத்த பாடகி அம்மா, "அவள் பேசாததை நாம் பேசவைக்க வேண்டாம்" என்றீர்கள். பதிவேட்டு வரிகளை ஓர் ஆண் குரல் வாசிக்க, பெண்கள் சொல்லே இல்லாமல் பாடியது உங்கள் யோசனை. இந்த இசைக்கு உயிர் வந்தது அங்கேதான்.

சிறைக்குள் ஓயாமல் நடந்த வேலை துணி வெளுப்பது. மரத்தொட்டியும் தேய்ப்புக் கட்டையும் தேடிக் கொண்டுவந்து தாளம் அமைத்தவருக்கு நன்றி. 1841-ல் ராஜா என்ற கப்பலில் வந்த பெண் கைதிகள் 2,815 துணித்துண்டுகளை ஒட்டுத்தைத்த விரிப்பு இன்று கான்பெராவில் இருக்கிறது. அதற்கான பகுதியில் நறுக்கு நறுக்கான சுரங்களைத் தையல் கண்ணில் படாதபடி இணைத்து வாசித்தார்கள் நம் வயலின், செலோ கலைஞர்கள்.

சிறையில் பால் மறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகள் நோயில் மடிந்தன. தாலாட்டைப் பக்கவாத்தியமே வேண்டாமென்று தனியாகப் பாடிய தங்கையே, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!

அந்தப் பெண்களின் வழிவந்த குடும்பங்களும் வந்திருந்தீர்கள். கைதி வம்சம் என்ற பேச்சுக்கு அஞ்சிப் பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாக மறைத்துவைத்த பெயர்களை நீங்கள் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னீர்கள். மேடையில் நாங்கள் செய்த எதையும்விட அது பெரிது.

இசைக்குறிப்பு முழுவதும் தயாராக இருக்கிறது. பாட விரும்பும் குழுக்கள் கேளுங்கள், கட்டணம் எதுவும் இல்லாமல் தருகிறோம்.

அன்புடன்,
இசையமைத்தவர்