பங்குதாரர் என்று என்னையா சொன்னீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எங்கள் வட்டாரத்துக்கான 20 ஆண்டுச் சுற்றுலாத் திட்டம் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் பிரமாதம். மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி: 'அனைத்துப் பங்குதாரர்களும் கூடிப் பேசி உருவாக்கிய திட்டம் இது.' கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். அப்படித்தான் இருந்தது.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன் ஐயா, கடைசி வரிசையில். ஆக, நானும் ஒரு பங்குதாரர். இத்தனை நாளாக எனக்கே இது தெரியாது. பங்குதாரர் என்றால் தொழிலில் முதல் போட்டவர், லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு உள்ளவர், 'கணக்கைக் காட்டு' என்று கேட்கும் உரிமை உள்ளவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நஷ்டத்தில் எனக்குப் பங்கு உண்டு, அதில் சந்தேகமே இல்லை. லாபக் கணக்கைத்தான் இதுவரை யாரும் காட்டவில்லை. வார்த்தைகளையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் எப்படி நடந்தது என்று உங்கள் நிருபர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். சீசன் உச்சத்தில், வேலை நாளில், காலை 11 மணிக்கு வைத்தார்கள். முதல் நாள் தங்கியவர்கள் அறையைக் காலி செய்து, அடுத்தவர்கள் பெட்டியோடு வந்து இறங்கும் நேரம் அது. வீட்டில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டு 16 வருடமாகப் பிழைக்கிறவள் நான். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினேன். வண்டி ஓட்டுகிறவர்கள், வழிகாட்டிகள், அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள், இவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. எப்படி வருவார்கள்? அன்றைய கூலி போய்விடுமே. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கூட்டம் நடத்திய அலுவலகத்தின் ஆட்கள்.

ஒன்றரை மணி நேரம் திரையில் படம் ஓடியது. அப்புறம் ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுச்சீட்டைக் கொடுத்து, 'உங்கள் கனவை ஒரே வார்த்தையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்' என்றார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் பேனா கொண்டுவரவில்லை. யாரிடமோ கேட்டு வாங்குவதற்குள் சீட்டுகளைச் சேகரித்து முடித்துவிட்டார்கள். நான் 'தண்ணீர்' என்று எழுதி ஒட்டினேன். பல மாதம் கழித்துத் திட்ட வரைவு வெளிவந்தது. பெரிய புத்தகம், வழுவழுப்பான தாள். அதில் மக்கள் கருத்து என்ற அத்தியாயத்தில், 'நீர் விளையாட்டுகளுக்கு மக்களிடையே ஆர்வம் காணப்பட்டது' என்று போட்டிருந்தார்கள். அது என் சீட்டுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சுவரில் தண்ணீர் பற்றி இருந்த சீட்டு அது ஒன்றுதான்.

கோடையில் எங்கள் கிணறு அடி தெரியக் கிடக்கும். தங்க வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. பயணக் களைப்பு, இரண்டு முறை குளிப்பார்கள், துண்டும் விரிப்பும் தினம் துவைக்க வேண்டும். ஆக மொத்தம் நான்கு அறைக்கு ஆகும் தண்ணீர் என் குடும்பத்துக்கு ஆவதைப் போலப் பல மடங்கு. லாரித் தண்ணீர் வாங்கித்தான் சமாளிக்கிறேன். இப்போது இந்தத் திட்டம் வருகையாளர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் என்கிறது. எந்த வருடத்துக்குள் எத்தனை பேர், எத்தனை அறை என்று அட்டவணை அட்டவணையாக எண்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு ஒரு எண்கூட இல்லை. புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை புரட்டிவிட்டேன்.

கழிவுநீரைக் கணக்கில் வைக்காமல் வளர்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவைக் கழிவுநீர் கடலில் கலந்த காரணத்தால் 2018 ஏப்ரலில் ஆறு மாதத்துக்கு மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் வருமானமும் அதோடு மூடியது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை அதே ஆண்டில் நான்கு மாதம் என்று சொல்லி மூடினார்கள். பவளப்பாறை அதற்குள் தேறவில்லை. திறக்க மூன்றரை வருடம் ஆயிற்று. முன்பு நாளுக்கு ஐயாயிரம் பேர் வரை இறங்கிய சின்னக் கடற்கரை அது. இப்போது வரம்பு வைத்துத்தான் விடுகிறார்கள். அந்த வரம்பை முதலிலேயே வைத்திருக்கக் கூடாதா என்று நாம் கேட்கலாம். அடுத்த ஊர்க்காரர்கள் நம்மையும் அதே கேள்வி கேட்பார்கள்.

எங்கள் வட்டாரத்துக்கு இது முதல் திட்டமும் இல்லை. 11 வருடத்துக்கு முன் ஒரு நீண்டகாலத் திட்டம் வந்தது. அதற்கும் கூட்டம் போட்டார்கள், 'கூட்டுக் குழு' ஒன்றை அமைத்தார்கள். குழு ஒரே ஒரு முறை கூடியது. அதை முன்னின்று நடத்திய அதிகாரிக்கு இடமாற்றம் வந்தது, திட்டமும் அவரோடு போய்விட்டது. மிச்சமிருப்பது அம்புக்குறி போட்ட வழிகாட்டிப் பலகைகளும் ஒரு கழிப்பறைக் கட்டடமும். திறப்பு விழா அன்று படம் எடுத்துக்கொண்டு பூட்டியவர்கள் சாவியை யாரிடம் கொடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அம்புக்குறிகளில் ஒன்று அந்தக் கழிப்பறையைத்தான் காட்டுகிறது. பழைய திட்டம் ஏன் படுத்துவிட்டது என்று புதிய புத்தகத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தால், நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். அப்படி ஒரு திட்டம் இருந்ததாகவே அதில் காணோம்.

சென்ற வருடம் ஓர் ஆராய்ச்சி மாணவி எங்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தாள். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவள் ஒரு ஏணிக் கதை சொன்னாள். ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தாராம். கீழே இரண்டு படிகள் பங்கேற்பே அல்ல, பங்கேற்பு மாதிரி ஒரு பாவனை. மூன்றாவது படியில் தகவல் சொல்வார்கள், நான்காவதில் கருத்துக் கேட்பார்கள். கூட்டாக முடிவெடுப்பது ஆறாவது படியில்தான் வருகிறது. எங்கள் கூட்டத்தைத் தாராளமாக மதிப்பிட்டாலும் மூன்றாவது படிக்கு மேல் போகாது. உங்கள் கட்டுரை ஒரே வரியில் எங்களை மூன்று படி ஏற்றிவிட்டது. நன்றி.

நானும் உத்தமி இல்லை. வருகிறவர்களை வைத்துத்தான் என் வீட்டு உலை கொதிக்கிறது. வாடகைக்கு அறை விடுகிறவர்கள் பெருகப் பெருக, குடியிருக்க வீடு தேடும் குடும்பங்கள் வெளியேறுகின்றன. எங்கள் தெருவில் 13 வீடுகள் உண்டு. சீசன் முடிந்ததும் இரவில் விளக்கு எரிவது ஐந்தில்தான். வெனிஸ் நகரின் பழைய பகுதியில் 1950களின் தொடக்கத்தில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2022-இல் ஐம்பதாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. காரணம் சுற்றுலா மட்டும் இல்லைதான். 2024-இல் பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். கட்டணம் வாங்கலாம், போன குடும்பங்கள் திரும்பி வருமா? ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கால்வியா என்ற ஊரில் 1990களில் வேறு மாதிரி செய்தார்கள். கடற்கரையில் இருந்த பழைய ஓட்டல்கள் சிலவற்றை இடித்தே தள்ளினார்கள். ஒரு திட்டம் குறைக்கவும் சொல்லலாம் என்று அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து பேச நினைத்தேன். நேரமாகிவிட்டது என்றார்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் வாகன நிறுத்தம் பற்றி உங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மரங்களை வெட்டி, மழைநீர் வடியும் பள்ளத்தை மூடி அதைக் கட்ட வேண்டாம் என்பதுதான் என் வாதம். மூன்று வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். படித்தவர்கள் எல்லாம், 'வாகன நிறுத்தம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, வந்துவிட்டது!' என்று என்னிடமே வந்து சந்தோஷப்பட்டார்கள். இடப் பற்றாக்குறை எனக்குப் புரிகிறது. கோபம் இல்லை, வருத்தம்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வரைவு மீது கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. உங்கள் நான்கு பக்கத்தில் அது எங்கும் இல்லை. 12 நாள் போய்விட்டது. புத்தகத்தை எங்கே பார்க்கலாம், கடைசித் தேதி என்ன, யாருக்கு எழுத வேண்டும், இந்த மூன்றையும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக அடுத்த இதழில் போடுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களும் அறை சுத்தம் செய்கிறவர்களும் உங்கள் இதழைப் புரட்டுகிறார்கள், என் வீட்டு வராந்தாவில் கிடக்கும் பிரதியையாவது. முடிந்தால் அந்தப் 'பங்குதாரர்' வரிக்கும் ஒரு திருத்தம்.

இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் வேண்டும் என்றால் சுருக்குங்கள். தண்ணீர் பற்றிய பத்தியில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்
(பெயர் வேண்டாம். அலுவலகத்தார் என் அறைகளின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் இது.)