கலசத்துக்கு நீ அனுப்பிய பணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பணமும் வந்து சேர்ந்தன. அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் பெண்ணுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை கிடைத்ததில் அம்மாவுக்குத்தான் ரொம்ப சந்தோஷம்.

நம் தெருக் கோயில் கலசத்துக்குத் தங்க முலாம் பூச வேண்டும் என்று எழுதியிருந்தாய். உடனே சரி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் இத்தனை நாள்.

போன மாதம் அம்மாவை ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு அழைத்துப் போனேன். நட்சத்திர வடிவப் பாதையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போனோம். செப்புத் தகட்டின் மேல் தங்க ரேக்கை அடுக்கடுக்காக ஒட்டியிருக்கிறார்கள், 1500 கிலோ தங்கம் என்கிறார்கள். சாயங்கால வெயில் பட்டதும் விமானம் தீப்பிடித்த மாதிரி ஆனது. அம்மா கைகூப்பினார், கண்ணில் நீர் வழிந்தது. அந்தக் கண்ணீரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் என் மனசு அங்கே ஒடுங்கவில்லை, அண்ணாந்து பார்த்தபடியே வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேலூர்க் கோட்டைக்குப் போய் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தேன். அதுவும் செல்வம்தானே? 16-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு தூணுக்கும் எத்தனை சிற்பிகள், எத்தனை நாள் கூலி! காளையும் யானையும் ஒரே தலையோடு நிற்கும் சிற்பம் நினைவிருக்கிறதா? உள்ளங்கையால் ஒரு பக்கத்தை மூடினால் யானை, மறுபக்கத்தை மூடினால் காளை. நீயும் நானும் அதற்காகவே சைக்கிளில் போவோம். அப்போது இத்தனை அழகும் இருந்தது, கருவறையில் மட்டும் சாமி இல்லை. லிங்கம் நம் சத்துவாச்சாரியில் ஒரு சின்னக் கோயிலில் இருந்தது. 1981 மார்ச்சில்தான் கோட்டைக்குத் திரும்பியது. ராஜா காலத்து மண்டபம் காலியாகக் கிடந்த அத்தனை வருஷமும் சாமி நம் பக்கத்துத் தெருவில் எளிமையாக இருந்திருக்கிறார். இது இத்தனை வயசுக்கு அப்புறம்தான் எனக்கு உறைக்கிறது.

ஆற்காட்டிலும் அப்படித்தான். நவாப் கோட்டையில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது, மற்றதெல்லாம் இடிந்து போயிற்று. திப்பு மஸ்தான் அவுலியா தர்காவுக்கு மட்டும் இன்றும் ஜனங்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பக்கிரியின் பெயரைத்தான் ஹைதர் அலி தன் மகனுக்கு வைத்தார்.

பூசலார் கதை உனக்குத் தெரியும். கையில் காசில்லாமல் திருநின்றவூரில் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ ராஜாவின் கனவில் சிவன் வந்து, நீ குடமுழுக்குக்குக் குறித்த நாளில் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள் என்றார். ராஜாவின் கோயிலே வேண்டாம் என்று சொல்லவில்லை பார். முதலில் அங்கே, அப்புறம் உன்னிடம் என்றார். அவ்வளவுதான்.

அதனால் தங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் எது என்பதுதான் கேள்வி. நம் கோயில் பிராகாரத்தில் போன வருஷம் வழவழவென்று கிரானைட் போட்டார்கள். பார்க்க அழகுதான். சித்திரை வெயிலில், நம் வேலூர் வெயிலில், பதினோரு மணிக்கு மேல் அதில் கால் வைக்க முடியாது. பிள்ளைகள் ஓடித் தாண்டிவிடுவார்கள், முழங்கால் வலிக்காரி என்ன செய்வார்? ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவின் வலது பாதத்தில் காசளவு கொப்புளம். "பிரதட்சணம் பாதியில் நின்றுபோச்சேடா" என்றுதான் வருத்தப்பட்டார், எரிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கே ஓட்டுக் கூரை போட்டு, ஓரமாகத் திண்ணையும் கால் கழுவக் குழாயும் வைக்கலாம் என்று கொத்தனாரிடம் கணக்குக் கேட்டேன். உன் பணம் முக்கால்வாசிக்கு வரும், மீதியை நான் போடுகிறேன். கலசம் செம்பாகவே இருக்கட்டும். உள்ளே நிரப்பப் போவது வரகுதானே? புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நானே ஆக்கி வைக்கிறேன்.

உனக்குச் சம்மதமா? தை பிறப்பதற்குள் எழுது, கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

அன்புடன்,
உன் சத்துவாச்சாரி நண்பன்