இறுதி அத்தியாயத்தில் ஒதுங்கிய உலகம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொருளியல் பாடத்திட்டச் சீர்திருத்தம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, கணிதத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்ற விவாதத்தோடு நின்றுவிட்டது. இப்பாடத்தைக் கற்பித்து வருபவன் என்ற முறையில், பாடங்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசையே அதைவிடப் பெரிய குறை என்பேன். நாட்டின் பொருளாதாரத்தை முழுமையாக ஆராயும் பேரினப் பொருளியல் பாடநூல்கள் பலவும் வெளியுலகத் தொடர்பே இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொண்டு தொடங்குகின்றன. பன்னாட்டு வணிகமும் நாணய மாற்று விகிதமும் இறுதி அத்தியாயங்களுக்குப் போய்விடுகின்றன. தேர்வு நெருங்கும்போது முதலில் கைவிடப்படுபவையும் அவையே. ஏழை நாடுகளின் முன்னேற்றத்தை ஆராயும் வளர்ச்சிப் பொருளியலோ விருப்பப் பாடமாகத் தனியே நிற்கிறது.

இந்த வரிசையில் படித்தவருக்கு 1982ஆம் ஆண்டின் கடன் நெருக்கடி விளங்காது. தன் நாட்டின் பணவீக்கத்தை அடக்குவதற்காக, பால் வோல்க்கர் தலைமையிலான அமெரிக்க மைய வங்கி எடுத்த நடவடிக்கைகளால், 1981இல் அங்கே குறுகிய கால வட்டி விகிதம் 20 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. முந்தைய பத்தாண்டில் பன்னாட்டு வணிக வங்கிகளிடம் மாறும் வட்டியில் டாலர் கடனை வாங்கிக் குவித்திருந்த லத்தீன் அமெரிக்க நாடுகளின் வட்டிச் சுமையும் அதனோடு சேர்ந்து ஏற, அவற்றின் ஏற்றுமதிப் பொருள்களின் விலை சரிய, 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தவணை கட்ட இயலாது என்று அறிவித்தது. பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளும் அதே சிக்கலில் வீழ்ந்தன. அரசுகள் செலவைச் சுருக்கின; விலைவாசியோடு ஒப்பிட்ட உண்மைக் கூலி வீழ்ந்தது. ஒரு நாட்டின் பணக்கொள்கை வேறொரு நாட்டின் வறுமையாக மாறிய இந்த வழியை, ஒன்றை ஒரு தாளிலும் மற்றதை இன்னொரு தாளிலும் படிப்பவர் எங்கே காண்பார்?

நிலையான மாற்று விகிதம், தடையற்ற மூலதன ஓட்டம், சுதந்திரமான வட்டிக் கொள்கை ஆகிய மூன்றையும் ஒரு நாடு ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது என்பது 1960களிலிருந்தே அறியப்பட்ட கருத்து. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து நிலையான விகிதத்தைக் கைவிட்டு, சந்தையே மதிப்பைத் தீர்மானிக்கும்படி தன் பாட் நாணயத்தை மிதக்கவிட நேர்ந்ததையும், மறு ஆண்டு மலேசியா மூலதன வெளியேற்றத்துக்குக் கட்டுப்பாடு விதித்து ரிங்கிட்டை டாலரோடு பிணைத்ததையும் அருகருகே வைத்தால் ஒரே வகுப்பில் இதை விளக்கிவிடலாம். அத்தகைய கட்டுப்பாடுகளுக்குச் சில சூழல்களில் இடமுண்டு என்று பன்னாட்டு நாணய நிதியமே (IMF) 2012இல் ஒப்புக்கொண்ட பிறகும், பாடநூல்கள் சிலவற்றில் அது அடிக்குறிப்பாகவே இருப்பது வியப்பளிக்கிறது.

மூடிய பொருளாதார மாதிரியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு செலவு பலமடங்கு வருமானமாகப் பெருகுவதைக் காட்டும் பெருக்கியைப் புரியவைக்க அதைவிட எளிய வழி இல்லை. தேசிய வருமானக் கணக்கைக் கற்பிக்கும் முதல் பருவத்திலேயே பிற நாடுகளுடனான வரவு செலவைக் காட்டும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும், வளர்ச்சிப் பொருளியலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பதே பாடத்திட்டக் குழுக்களுக்கு நான் முன்வைக்கும் கோரிக்கை.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்