அம்மா டைப் பண்றேன், பொறுமையா படி

சின்னவனுக்கு அம்மா எழுதுறது. சாப்டியா?

வாய்ஸ் மெசேஜ் போட்டா நீ கேக்குறதே இல்லன்னு பாப்பா சொன்னா, அதான் மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமா இத டைப் பண்ணிட்டு இருக்கேன், எழுத்து தப்பா இருந்தா கண்டுக்காத. போன வாரம் சாப்டியான்னு கேட்டதுக்கு ஒரு கட்டைவிரல் போட்ட. அதுக்கு முந்தின வாரமும் கட்டைவிரல்தான். பொங்கல்ல இருந்து எண்ணிப் பாத்தேன், பதினோரு கட்டைவிரல் வந்திருக்கு. உனக்கு வேலை இருக்கும், நான் குறை சொல்லல. வேலை தேடுறதும் வேலைதான்.

இங்க எல்லாரும் சௌக்கியம். பின்வாசல் முருங்கை காத்துல சாஞ்சிருச்சு, அண்ணன் வெட்டிட்டான். பாப்பாவுக்கு செமஸ்டர் முடிஞ்சிருச்சு. அத்தை வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கு, உனக்குத் தெரியாததா. காலைல வெறும் டீயோட நிப்பாட்டாத, ரெண்டு இட்லியாவது சாப்டு.

சொல்ல வந்தது வேற. நான் ஒரு பொம்மைப் படம் பாத்தேன். சிரிக்காத. உன் ரூம் சுவத்துல ஒட்டி வச்சிருக்கியே, அந்த கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ். நீ பிளஸ் டூ படிக்கும்போது ராத்திரி ஒரு மணிக்கு அதப் பாத்து அழுதுட்டு இருந்த, பரீட்சைய வச்சுக்கிட்டு பொம்மை பாத்து அழுறியான்னு நான் வயரப் புடுங்கிவிட்டேன். அதுல வாழ்க்கை இருக்கும்மான்னு சொன்ன. வாழ்க்கை என்ன பொட்டிக்குள்ளயா இருக்குன்னு கேட்டேன். எங்கப்பா காலைல எங்கள எழுப்புறதே நாடோடி மன்னன்ல வர்ற தூங்காதே தம்பி தூங்காதே பாட்டப் பாடித்தான், பட்டுக்கோட்டையார் பாட்டக் கேட்டே வளந்தவதான் நானும். 1958ல வந்த எம்ஜிஆர் படத்துல பாடம் இருக்கலாம், ஜப்பான்காரன் படத்துல இருக்கக் கூடாதான்னு அன்னைக்கு எனக்குத் தோணல பாரு.

முதல்ல டோட்டோரோ படத்தப் போட்டா பாப்பா, மனசு கொஞ்சம் பழகட்டும்னு. ரெண்டு படத்தையும் 1988ல ஒண்ணா சேத்து ஒரே நாள்லதான் ரிலீஸ் பண்ணாங்களாம். டோட்டோரோல வர்ற அந்தச் சின்னப் பொண்ணு ஆஸ்பத்திரில கிடக்குற அம்மாவுக்கு சோளக்கதிரத் தூக்கிட்டு நடந்தே கிளம்புதே, அது நீதான். எனக்கு டைபாய்டு வந்தப்ப யாருக்கும் சொல்லாம முறுக்குப் பொட்டலத்தோட வந்து நின்ன. அப்ப உனக்கு ஆறு வயசு.

அப்புறம் உன் படம். 1945, கோபேல குண்டு போடுறான், அந்தப் பிள்ளைகளோட அம்மா உடம்பு பூரா கட்டுப் போட்டுக் கிடக்குறா. அந்த இடத்துல நான் எந்திரிச்சு அடுப்பப் பாக்கப் போயிட்டேன், அடுப்புல ஒண்ணும் இல்ல. திரும்பி வந்தா பதினாலு வயசுப் பையனும் நாலு வயசுத் தங்கச்சியும் சொந்தக்கார அம்மா வீட்ல இருக்குதுக. அவங்கம்மா பட்டுத்துணிய அந்தம்மா அரிசிக்கு மாத்துறா, பக்கத்துல நம்ம பாப்பா ஓன்னு அழுறா. நான் அழல. எனக்குக் கண்ணு பூரா அந்தம்மா கை மேலதான். கஞ்சி ஊத்தும்போது இந்தப் பிள்ளைகளுக்கு மேலாப்புல தெளிவா ஊத்துறா, வேலைக்குப் போற தன் மகளுக்கு கரண்டிய அடில விட்டு எடுக்குறா. பாப்பா அதக் கவனிக்கவே இல்ல. சோறு போடுறவளுக்குத்தான் அது தெரியும்.

அந்தப் பையன் மேலயும் எனக்குக் கோவம்தான், பொய் சொல்ல மாட்டேன். பேங்க்ல அம்மா பணம் கிடக்கு, தங்கச்சி நாளுக்கு நாள் தேயுறா, ஒரு விவசாயி அந்த வீட்டுக்கே திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டு இருந்துக்கப்பான்னு சொல்றாரு, இவன் கேக்கல. குளத்தோரம் பதுங்குகுழில போய் உக்காந்துக்கிட்டான். அவ்வளவு ரோசம் எதுக்கு? நீயும் அப்படித்தான், சின்னதுல இருந்தே. ஆனா ரோசம் இல்லாத பிள்ளையப் பெத்து என்ன செய்யன்னும் தோணுது. அந்த டைரக்டர் தகாஹாட்டாவே இதப் போர் எதிர்ப்புப் படம்னு சொன்னா ஒத்துக்க மாட்டாராம், பாப்பா படிச்சுச் சொன்னா. அவரே ஒம்பது வயசுல குண்டுவீச்சுல தப்பிச்சவராம். எனக்கு அது சோத்துப் படம். மிட்டாய் தீந்ததும் டப்பால தண்ணி ஊத்திக் குலுக்கிக் குடிக்கிறதுக, அதுக்கப்புறம் மேல எழுத முடியல.

பொங்கல் கழிஞ்சு கரிநாள் அன்னைக்கு நடந்தத நீ மறந்திருக்க மாட்ட. நானும் மறக்கல. ஹார்பர்ல நைட் ஷிப்டு பாக்குற பையன், தெம்பு வேணும்னு கறியெல்லாம் அண்ணன் தட்டுல போட்டுட்டு உனக்கு உருளைக்கிழங்கும் குழம்பும் ஊத்துனேன். அத்தை பாத்துட்டு இருந்தா. அவ கேக்குறதுக்கு முந்தி நாமளே சொல்லிருவோம்னு, சும்மா இருக்குறவனுக்கு கறி எதுக்கு, செரிக்காதுன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னேன். தெரிஞ்சுதான் ஊத்துனேன் ஐயா. கை தவறிப் போச்சுன்னு இவ்வளவு நாளா எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன், கை தவறல. உனக்கு வேலை போன விஷயம் ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்ங்கிற பயம், அது கரண்டி வழியா வந்துருச்சு. நீ ஒரு வார்த்தை பேசல. ஞாயித்துக்கிழமைதான் போவேன்னு சொன்னவன் அன்னைக்கே முத்துநகர் ரயில்ல ஏறிட்ட, நானும் ஸ்டேஷனுக்கு வரல.

அந்தப் படத்தோட கதைய எழுதுன நோசாகாவோட தங்கச்சியும் நெசமாவே சோறில்லாமத்தான் செத்துச்சாம். அது கிட்ட மன்னிப்புக் கேக்குற மாதிரி 1967லதான் எழுதுனாராம். அவருக்கு இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. எனக்கு ஏழு மாசம்.

அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது, நீயும் சொல்லாத, அவன் பாவம். உனக்கு வேலை கிடைச்சாத்தான் வரணும்னு இல்ல. கிடைச்சாலும் கிடைக்காட்டியும் முத்துநகர்ல டிக்கெட் போடு, பணம் பாப்பா அனுப்புவா, நான் குடுத்து வச்சிருக்கேன். ரோசப்பட்டு திருப்பி அனுப்பாத. நூடுல்ஸையே தின்னு உடம்பக் கெடுத்துக்காத, நீ பாக்குற பொம்மைப் படத்துல வர்ற அந்த மஞ்ச முடிப் பய நருட்டோ கூட அவன் வாத்தியார் வாங்கிக் குடுத்தா இன்னும் ருசிச்சு சாப்டுவான்னு நீதான் சொல்லுவ.

இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல. ஆனா கட்டைவிரல் மட்டும் போடாத. நாளைக்கு மத்தியானம் சாப்ட தட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கழுவாம இருந்தாலும் பரவால்ல.

அம்மா