லுப்ளினில் இருக்கும் மகனுக்கு

மல்லாவி
12.10.2025

அன்பு மகன்,

நீ அனுப்புகிற குரல்பதிவுகளை அப்பாவும் நானும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்ந்திருந்து கேட்கிறோம். வேலை, குளிர், சம்பளம் என்று தொடங்குவாய். கொஞ்ச நேரத்தில் கதை சண்டைக்குப் போய்விடும். இன்று இந்தக் கிராமம் விழுந்தது, அந்தப் பக்கத்தில் இவ்வளவு தூரம் முன்னேறினார்கள், இரவு இத்தனை ட்ரோன் வந்தது. உக்ரேன் எல்லைக்குக் கிட்ட இருக்கிற உன்னால் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. போன மாதம் ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள்ளேயே வந்து, நேட்டோ விமானங்கள் அவற்றில் சிலவற்றைச் சுட்டு விழுத்தி, உங்கள் லுப்ளின் விமான நிலையத்தையும் மூடினார்களே, அன்று உன் குரல் கேட்கும் வரைக்கும் எனக்கு அடுப்படிப் பக்கம் போகவே மனம் வரவில்லை. ஆகவே பார்க்காதே என்று சொல்லமாட்டேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிற அந்த உக்ரேன் பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டும். போனில் சொன்னால் நீ இடையில் கதைப்பாய்.

உக்ரேன் இராணுவத் தலைமையகம் ஒவ்வொரு நாளும் அறிக்கை விடுகிறது: எந்தத் திசையில் எத்தனை மோதல், ரஷ்யாவுக்கு எவ்வளவு இழப்பு. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சும் விடுகிறது: எந்தக் கிராமத்தை விடுவித்தோம், இரவில் எத்தனை ட்ரோனை அடித்தோம். தங்கள் பக்கத்தில் அன்று செத்த பிள்ளைகளின் கணக்கு இரண்டிலும் இராது. இங்கே வன்னியில் சண்டை நடந்த 2008இல், பற்றரியில் ஓடிய எங்கள் றேடியோவில் கொழும்புச் செய்தியும் கேட்போம், புலிகளின் குரலும் கேட்போம், இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசையும் கேட்போம். அவ்வளவு கேட்டும், மன்னார் அடம்பன் பக்கம் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் அறிந்தது, அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் கோழியோடும் கூரைத் தகரத்தோடும் வந்த சனத்தைப் பார்த்துத்தான். அதனால் சொல்கிறேன், முதலில் சனத்தைப் பார். எந்த ஊரை விட்டு வெளியேறச் சொல்கிறார்கள், எந்த ரயில் நின்றது, எந்த ஆஸ்பத்திரியை இடம் மாற்றுகிறார்கள் என்று தேடு. இந்தச் செய்திகள் கீழே சின்னதாகக் கிடக்கும்.

பொக்ரோவ்ஸ்கையே எடுத்துக்கொள். சண்டைக்கு முன் 60,000 பேரளவில் வாழ்ந்த நகரம். டொனெட்ஸ்க் மாகாணத்தில் தெருக்களும் ரயில் பாதையும் சந்திக்கிற இடம். பக்கத்தில், உருக்கு ஆலைகளுக்கு வேண்டிய நிலக்கரி எடுக்கிற சுரங்கம். 2024 ஆகஸ்டில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களைக் கட்டாயம் வெளியேறச் சொன்னார்கள். இந்த வருட ஜனவரியில் சுரங்கத்தையும் நிறுத்த வேண்டி வந்தது. பள்ளிக்கூடமும் சம்பளமும் போன அன்றே அங்கே இருந்தவர்களுக்கு ஊர் போய்விட்டது. வரைபடத்தில் நிறம் மாறுவதை நீ இப்போதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ரஷ்யப் படை பக்மூத் நகரைப் பிடிக்க கிட்டத்தட்டப் பத்து மாதம், அவ்டீவ்காவுக்கு நாலு மாதம் சண்டை நடந்தது. முடிவில் பிடித்தவன் கைக்குக் கிடைத்தது இடிந்த கல்லும் கம்பியும். ஒரு கிலோமீற்றர், இரண்டு கிலோமீற்றர் என்று நீ சொல்லும்போது அந்தத் தூரத்துக்குள் எத்தனை கிணறு, எத்தனை வளவு என்றுதான் எனக்கு ஓடுகிறது.

இங்கே வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் சுற்றியது உனக்கு நினைவிருக்குமோ தெரியாது, உனக்கு அப்போது எட்டு வயது. அது மேலே நின்று பார்க்கும், பிறகுதான் கிபிர் விமானமோ செல் குண்டோ வரும். அந்த இடைவெளிக்குள் உன்னைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிடலாம். இப்போது உக்ரேனில் அந்த இடைவெளி இல்லை. பார்க்கிறதும் வெடிக்கிறதும் ஒரே சாமான். 1,000 கிலோமீற்றருக்கு மேல் நீளமான முன்னரங்கு, அதன் இரு பக்கமும் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்கு அசைகிற எதையும் துரத்தி அடிக்கிறார்கள். அதனால்தான் பெரிய படை நகர்வு குறைந்து, இரண்டு மூன்று பேராக மரவரிசைக்குள்ளால் ஊர்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் ஓடுகிறார்கள். அலைவரிசையைக் குழப்பினாலும் விழாத ட்ரோன்கள் வந்துவிட்டன. பின்னால் மெல்லிய கண்ணாடி நூலை விட்டுக்கொண்டே பறக்கும். சண்டை நடந்த வயலெல்லாம் அந்த நூல் சிலந்தி வலைபோல் படர்ந்து கிடக்கிற படத்தை நீ அனுப்பியிருந்தாய்.

தெருவுக்கு மேலே வலை கட்டியிருக்கிற படமும் அனுப்பினாயே. ட்ரோன் சிக்கட்டும் என்று ஐரோப்பிய மீனவர்கள் கொடுத்த பழைய மீன்பிடி வலைகளையும் கட்டுகிறார்களாம். முல்லைத்தீவுச் சித்தப்பா வந்திருந்தபோது காட்டினேன். போனை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, வலைக்கண் எவ்வளவு அகலம், கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். கேட்டுச் சொல்லு.

எனக்கு அந்தச் சண்டையில் மனதை விட்டுப் போகாத நாள் 2023 ஜூன் 6. கஹோவ்கா அணை உடைந்த நாள். அணை அப்போது ரஷ்யப் படையின் கையில் இருந்தது. நீப்பர் ஆற்றின் இரண்டு கரையிலும் ஊர்கள் முங்கின. தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பெரிய நீர்த்தேக்கம் வெறும் சேறாகக் கிடந்தது, அதை நம்பிய வாய்க்கால்கள் காய்ந்தன. கமம் செய்கிறவளுக்கு இது எப்படி இருக்கும் என்று நீ யோசி. 2009 ஜனவரியில் கல்மடுக்குளம் உடைந்து தண்ணீர் வந்தபோது நாங்கள் உடையார்கட்டுப் பக்கம் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். செல்லுக்கு ஓடுகிற சனம் தண்ணீருக்கும் ஓடியது. குளம் போனால் அந்தப் போகம் மட்டும் போவதில்லை, பின்னால் வருகிற போகங்களும் போகும். கஹோவ்கா வெள்ளம் வயல்களில் இருந்த மிதிவெடிகளையும் அள்ளிக்கொண்டு போய் வேறு இடங்களில் போட்டது. முகமாலையில் மிதிவெடி அகற்றுகிற ஹலோ ட்ரஸ்ட் உக்ரேனிலும் அதே வேலை செய்கிறது. இங்கே எங்கள் பெண்பிள்ளைகள் முகக்கவசம் போட்டு முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, 16 வருடமாகியும் வேலை முடியவில்லை. அங்கே நிலம் எவ்வளவு பெரிது.

சரி, அந்தப் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய கிராமம் பிடிபட்டது என்று ரஷ்யா அறிவித்ததை நீதான் முதலில் போனில் பார்த்து அவளிடம் சொன்னாய் என்றாய். அவள் ஒன்றும் பேசாமல் வேலைக்குப் போய்விட்டாள் என்றும் சொன்னாய். இனி அப்படிச் செய்யாதே ராசா. ஒரு பக்கம் பிடித்தோம் என்னும், மறுபக்கம் இல்லை என்னும், நடுவில் யாருடையது என்று தெரியாமல் கிழமைக்கணக்கில் கிடக்கும். நீ கொண்டுபோகிற செய்தி பொய்யாகவும் இருக்கலாம். உண்மையாக இருந்தால் அவளுக்கு அது உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நாங்கள் தர்மபுரத்தில் நிவாரண வரிசையில் நின்றபோது ஒருவர் வந்து “மல்லாவி விட்டாச்சாம்” என்று சொன்னார். நல்ல மனுசன், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கனகாலம் அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவளிடம் ஊரைக் கேட்காதே, அம்மா கதைத்தாவா என்று கேள். அங்கே கரண்ட் இருக்கிறதா, குளிருக்கு விறகு இருக்கிறதா என்று கேள். 2022 ஒக்டோபரிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் மின் நிலையங்களை அடிக்கிறார்கள், அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கும். தம்பியைப் பற்றி அவளாகச் சொன்னால் ஒழியக் கேட்காதே. படைக்கு எடுக்கும் வயதை 2024 ஏப்ரலில் 27இலிருந்து 25ஆகக் குறைத்தார்கள். உன்னுடைய வயது. வளர்ந்த பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு படலைச் சத்தத்துக்கு நடுங்கிய தாய்மார் இந்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்கும் இதுதான் நடந்தது என்றும் சொல்லாதே. அவர்களுடையது இரண்டு நாடுகளின் சண்டை. ஒரு நாட்டின் படை 2014இல் கிரிமியாவை எடுத்து, 2022 பெப்ரவரி 24இல் எல்லையைக் கடந்து தலைநகர் வரைக்கும் போனது. அவளுக்குத் தாண்டி வர ஒரு எல்லை இருந்தது, இந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ள ஒரு நாடும் இருந்தது. எங்களுக்கு முன்னால் படை, பின்னால் நந்திக்கடலும் பெருங்கடலும். ஒவ்வொருவர் பட்டதும் அவரவருக்கு.

இங்கே சந்தியில் ஒருவர் கேட்டார், எங்களுக்கு மேலே பறந்த மிக்-27 போர் விமானம் உக்ரேனிலிருந்து வாங்கியதுதானே, அவர்களுக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று. வாங்கியது உண்மை. 2012இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானத்தை ரஷ்யா எதிர்த்து வாக்களித்ததும் உண்மை. இந்தக் கணக்கைப் பார்த்தால் உலகத்தில் ஒரு சனத்துக்காகவும் நாங்கள் அழ முடியாது. மிக்கை விற்றபோது அந்தப் பிள்ளை பால்குடி. குண்டு விழுகிற வீட்டில் இருப்பவர்களின் பக்கம்தான் என் மனம் நிற்கும், அதை அவருக்கும் சொன்னேன்.

கடைசியாக உன்னிடம் ஒரு வேலை தருகிறேன். பக்கத்து வளவுப் பெடியன் ஐரோப்பா வர ஏஜென்சிக்காரனோடு கதைத்திருக்கிறான். ரஷ்யாவுக்குப் போய் அங்கிருந்து தாண்டலாம் என்று அந்த ஏஜென்சிக்காரன் சொன்னானாம். இலங்கையிலிருந்து நல்ல சம்பளம் என்று கூட்டிப்போன முன்னாள் இராணுவத்தினர் அந்த முன்னரங்கில் செத்ததை 2024இல் நாடே பார்த்தது. வடக்கிலிருந்து பிரான்ஸ் போகப் புறப்பட்ட பெடியளையும் ரஷ்யப் படையில் சேர்த்துவிட்டார்கள் என்று தாய்மார் அழுதார்கள். 2022இல் உக்ரேனின் வொவ்சான்ஸ்க் நகரில் ரஷ்யப் படையிடம் மாதக்கணக்காக அடைபட்டிருந்து செப்டெம்பரில் வெளியே வந்த ஏழு பேரும் எங்கள் நாட்டவர்கள்தான். இதெல்லாம் நான் சொன்னேன், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். தை மாதத்துக்குள் காசு கட்டப் போகிறானாம், வயலை ஈடு வைக்கக் கேட்டிருக்கிறார்கள். நீ அங்கே நிற்கிறவன், நீ சொன்னால் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை அவனை நான் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். இங்கத்தைய நேரம் இரவு எட்டு மணிக்கு எடு.

இப்படிக்கு,
அம்மா