மெயின் ஜெட்டில் கை வைக்காதே

சேலம்
ஞாயிறு இரவு

மாப்ளே,

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குள் நடக்கிறார்கள், உன்னைக் கேட்டார்கள். பெரியவன் காலேஜில் சேர்ந்துவிட்டான். கட்டையன் மறுபடியும் கடையை மாற்றிவிட்டான், இந்த முறை அம்மாப்பேட்டை. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நேற்று போனை வைக்கிற நேரத்தில் சொன்னாயே, "புல்லட் லிட்டருக்கு இருபத்தஞ்சுகூடத் தர மாட்டேங்குது, எல்லாம் இந்த எத்தனாலால வந்தது, புதன்கிழமை மெயின் ஜெட்டைச் சின்னதா மாத்தப் போறேன், அப்பவும் சரிப்படலைன்னா வித்துடறேன்" என்று. அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போனில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு "சரி சரி" என்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுசாகப் படி.

பெட்ரோலில் கலக்கிற இந்த எத்தனால் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021-இல் போட்ட அறிக்கை, இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்றது. அது 10 சதவீதக் கலவைக்கு டியூன் செய்த வண்டிகளுக்கு. நம்முடையது எத்தனால் பேச்சே இல்லாத காலத்து வண்டி, கொஞ்சம் கூடவே குறையட்டும். முன்னே 35 கொடுத்தது இப்போது 25 என்றால் ஏறக்குறைய 30 சதவீதம் போயிருக்கிறது. எத்தனால் கணக்கில் பத்துகூட வராது. மிச்சம் வேறு எங்கேயோ ஒழுகுகிறது. அதைத் தேடாமல் ஜெட்டை மாற்றப் போகிறேன் என்கிறாய்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளைதான் மெயின் ஜெட். அது எப்போது வேலை செய்யும் என்று யோசித்துப் பார். ஆக்சிலேட்டரை முக்கால் பங்குக்கு மேல் முறுக்கினால்தான். நீ வேலைக்குப் போகும்போதும் ரோட்டில் 55, 60-இல் போகும்போதும் கால் முறுக்கு, மிஞ்சினால் அரை முறுக்கு. அங்கே பெட்ரோலை அளந்து விடுவது நீடில் என்கிற ஊசியும், அது உள்ளே இறங்கும் துளையான நீடில் ஜெட்டும். மெயின் ஜெட்டைச் சின்னதாக்கினால் தினசரி ஓட்டத்தில் ஒரு சொட்டும் மிஞ்சாது. ஆனால் தங்கச்சியைப் பின்னால் உட்காரவைத்து, மூட்டையும் கட்டி, ஏற்காடு அடிவாரத்தில் முதல் கொண்டை ஊசியில் முழுசாக முறுக்கும்போது என்ஜினுக்குப் பெட்ரோல் போதாது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை ஏற்கெனவே கொஞ்சம் காற்றுப் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. அதற்கு மேல் நீயும் குறைத்தால் சூடு ஏறும். வேகம் இல்லாததால் காற்றும் அடிக்காது. ஸ்பார்க் பிளக் வெளுத்துப்போகும், இரும்பு பிளாக்குக்குள் அலுமினிய பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும். 20 வளைவில் எந்த வளைவில் பின் சக்கரம் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். இதைப் பயமுறுத்த எழுதவில்லை மாப்ளே, எனக்கே பயமாக இருக்கிறது.

பெட்ரோலைக் குடிப்பது எது என்று என் வண்டியிலேயே கண்ணால் பார்த்தேன். நம்ம சேலம் குகைப் பகுதி மெக்கானிக் பெரியவர் கார்புரேட்டரைக் கழற்றி, நீடிலை வெயிலில் பிடித்துக் காட்டினார். நடுவில் ஓர் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் அங்கே தட்டுகிறது. அது உட்காரும் பித்தளைத் துளையும் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் நீண்டுபோயிருந்தது. இத்தனை வருஷம் உரசி உரசித் தேய்ந்த இடைவெளி வழியாக, நாம் எப்போதும் ஓட்டுகிற அந்தக் கால் முறுக்கில் பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பிளக்கில் கறுப்புப் புகைக்கரி. இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். நீடிலை மட்டும் மாற்றினால் தேய்ந்த துளை அப்படியே இருக்கும். மாற்றிய பிறகு பிளக் இளம் பழுப்புக்கு வந்துவிட்டது. ஒன்று சொல்கிறேன், ஏற்காட்டு மேலே பிளக்கைக் கழற்றிப் பார்த்து முடிவு செய்யாதே. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், கார்புரேட்டர் வண்டி அங்கே தானாகவே கறுக்கும்.

அடுத்தது பிரேக். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார். என்னுடையது அரைச் சுற்றில் 'சர்ர்' என்று நின்றது. டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூவை விரிக்கிற கேம் காய்ந்துபோய், ஷூ முழுசாகத் திரும்பாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. கிரீஸ் வைத்துப் பூட்டியதும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்க்க வேண்டுமே! உன் வண்டியில் சந்தேகம் என்றால், பின் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோ. சுட்டால் உன் பெட்ரோல் அங்கேதான் எரிகிறது.

பிளக்குக்குத் தீப்பொறி வர வைக்கிற பாயின்ட்டின் இடைவெளி, செயின், டயர் காற்று எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். பார்க்கிறாயா என்பதுதான் கேள்வி. பாயின்ட் 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பின் டயரில் இரண்டு பேர் என்றால் 30 பக்கம் காற்று வேண்டும். போன முறை நீ வந்தபோது என் கட்டை விரலுக்கே அமுங்கியது.

அப்புறம் முன்னால் மாட்டிய அந்தக் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் பக்கப் பெட்டிகளும். வண்டியைக் கல்யாண ஊர்வலத்துக்கு ஜோடித்த மாதிரி வைத்திருக்கிறாய். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-லிருந்து 80-க்குப் போனால் முக்கால் மடங்கு கூடிவிடும். அகலம் கூடக்கூட அதுவும் சேரும். ஓசூரிலிருந்து இங்கே வரும் 160 சொச்சம் கிலோமீட்டரை 60-இல் வந்து பார், அரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும், ஆனால் டேங்க் காட்டிக்கொடுக்கும்.

செயினை இழுக்கிற முன் பல்சக்கரத்தை, அதான் ஸ்பிராக்கெட்டை, 16 பல்லிலிருந்து 17 ஆக்கினால் என்ஜின் சுற்று 6 சதவீதம் குறையும் என்று ஒல்லி உனக்கு ஓதியிருப்பான். கணக்கு சரிதான். சமதளத்தில் தனியாகப் போகிறவனுக்கு நல்லது. நீ தொப்பூரும் ஏற்காடும் ஏறுகிறவன், இரண்டு பேராக. மூன்றாவது கியரில் முக்கி முக்கி இரண்டாவதுக்கு இறக்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போகும். வேண்டாம்.

தொப்பூர் என்றதும் ஞாபகம். தர்மபுரிப் பக்கமிருந்து இறங்கும்போது நியூட்ரல் போட்டு வருவதாக நீ பெருமையாகச் சொன்னாய். அதை விட்டுவிடு. அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வந்த லாரிகள் என்னென்ன செய்திருக்கின்றன என்று நம் இருவருக்கும் தெரியும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. கியரில் வந்தால் பாதி வேலையை என்ஜினே செய்யும். நியூட்ரலில் மிஞ்சும் பெட்ரோல் ஒரு டீக் காசுக்குக்கூட வராது.

மைலேஜையும் மலையில் அளக்காதே. வண்டி, நீ, தங்கச்சி, மூட்டை எல்லாம் சேர்த்து 300 கிலோ. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1,200 மீட்டர் தூக்க வேண்டும். அந்த உயரத்துக்கு மட்டுமே கிட்டத்தட்ட அரை லிட்டர் ஆகிவிடும், எந்த வண்டியாக இருந்தாலும். ஓசூர் ரோட்டில் ஒரே பங்க், ஒரே பம்ப், சென்டர் ஸ்டாண்டு போட்டு ஒரே அளவுக்கு நிரப்பி அளந்து பார். கிலோமீட்டர் கல்லோடு உன் மீட்டரையும் ஒருமுறை ஒத்துப்பார், மீட்டர் குறைத்துக் காட்டினால் மைலேஜும் குறைந்துதான் தெரியும். டேங்கில் சுமார் 14 லிட்டர் பிடிக்கும். 25 என்றால் 350 கிலோமீட்டர், இங்கே வந்து திரும்புவதற்கே இழுபறி. 35 வந்துவிட்டால் 490. நடுவில் பங்க் தேட வேண்டாம், கேனில் பெட்ரோல் கட்டிக்கொண்டு வரவும் வேண்டாம்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தால் டேங்க் அடியையும் பார்த்துவிடு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அது அடியில் தங்கித் துருவாகும், ரிசர்வுக்குத் திருப்பின அன்று எல்லாம் கார்புரேட்டருக்குள் வந்து சேரும்.

ஜெட்டை மாற்றாமல் இப்படியே சனிக்கிழமை கிளம்பி வா, தங்கச்சியோடு. பெரியவரிடம் சொல்லிவைத்துவிட்டேன், ஞாயிறு காலை கடையைத் திறக்கிறேன் என்றார். பிரேக் ஷூ நான் வாங்கி வைக்கிறேன். நீடிலும் நீடில் ஜெட்டும் மட்டும் இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை. ஓசூரிலோ பெங்களூரிலோ பார்த்து வாங்கிக்கொண்டு வா. பழையதைக் கையில் கொண்டுபோய் நம்பரைக் காட்டி வாங்கு.

உன்
மச்சான்